குளமும் பந்தும்

வந்தாறுமூலையில் நாலு வருஷம்
நிகழ்தகவு படித்தேன்.
இப்போது இரண்டு மைல் தள்கி, செங்கலடிச் சந்தியில்
அதை விற்கிறேன்,
ஒன்று நாற்பது ரூபாய்.

அண்ணனின் தகரப் பெட்டி. பதுளை வீதிப் புழுதி.
காலையில் முதலில் கிழிபடுபவை
முப்பத்தொன்றுக்குள் அடங்கும் எண்கள்:
மகன் பிறந்த தேதி, தாலி ஏறிய தேதி.
கொம்மாதுறையில் டிப்பர் கவிழ்ந்த மறுநாள்
அதன் இலக்கத் தகட்டைக் கேட்டுப் பதினொரு பேர்.
பொழுதுபட மிஞ்சிக் கிடப்பவை
47, 66, 73.
ஒருவருக்கும் சொந்தமில்லாத எண்கள்.

கிருபைராசா வருவது ஆறு மணிக்கு.
முப்பது வருஷம் உறுகாமம் குளத்தில்
நீர்மட்டம் வாசித்தவர்.
இலாகா முத்திரை குத்திய பழைய நோட்டில்
இப்போது லொத்தர் எழுதுகிறார்,
அடி, அங்குலம் என்று அச்சிட்ட கட்டங்களுக்குள்.

"அம்பத்தெட்டு வந்து அறுபது நாளாச்சி புள்ள.
இனி வராமப் போகேலா."

சிட்டையின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன்.
எண்பதில் நாலு. அதன்மேல் ஓர் எழுத்து.
நாலு கோடியே பதினொரு லட்சத்து
இருபத்தோராயிரத்து எண்பதில் ஒன்று.
நாளுக்கு ஒன்றாய் எல்லாம் வந்து முடிய
லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வருஷம்.
அவர் அசையவில்லை.

"ஐயா, அறுபது நாள் முகம் காட்டாத எண்கள்
எந்த நாள் பார்த்தாலும் மூன்று நாலு இருக்கும்.
அதிசயமில்லை, அதுதான் வழமை.
நேற்று வந்தோமா இல்லையா என்று
பந்துக்கு ஞாபகமில்லை."

நோட்டை மூடி, விரலை மட்டும் உள்ளே வைத்திருந்தார்.
"குளத்துக்கு இருக்கே."

உண்மைதான்.
நேற்றைய தண்ணீரின்மேல்தான் இன்றைய தண்ணீர் நிற்கும்.
மார்கழியில் பதினைந்து அடி என்றால்
விடிந்ததும் மூன்று அடி ஆகிவிடாது.
காய்ந்து கிடந்தால் மழை கடன் வைக்காது
என்று நம்ப அவருக்கு நியாயமிருந்தது.
முப்பது வருஷம் அந்த நம்பிக்கை
மதகுக் கல்லில் ஈரக் கோடாய்
ஏறி ஏறி வந்திருக்கிறது.
என்னிடம் இருந்தது ஒரு சூத்திரம்,
இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு.

பாசிக்குடாப் பக்கம் போகும் பஸ்
ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.
ஒருத்தி 12ஐக் கேட்டாள். தீர்ந்துவிட்டது என்றேன்.
66ஐப் பார்த்து முகம் சுளித்தாள்.

மறுகா அவர் கேட்டார்:
"உன்ர நியமனக் கடிதம் எத்தின நாளா வரல்ல?"
"ஆயிரத்து நூற்றுச் சொச்சம்."
"அது குளமா புள்ள, பந்தா?"

எழுத எடுத்த பேனாவை
சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன்.
மூப்பு வரிசைப் பட்டியல் என்றால் குளம்.
மட்டம் ஏறும், என் முறை வரும்.
ஆனால் போன தடவை அழைக்கப்பட்ட பெயர்களை
நானும் தினக்குரலோடு... இல்லை,
நான் எந்தப் பத்திரிகையையும் குறை சொல்லவில்லை,
பெயர்களை மட்டும் விரல் வைத்து வாசித்தேன்.
அவற்றில் எந்த வரிசையும் தெரியவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து
புதிதாக ஒரு கோடு கீறினார்.
தலைப்பில் என் பெயர், 'சுகிர்தமலர்' என்று,
லகரத்தைப் பிழையாக, 'ள' போட்டு.
அதன் கீழ் இன்றைய தேதி.
எதிரே குள நாட்களில் பழகிய சுருக்கெழுத்து:
வ. இ.
வரத்து இல்லை.

அம்பத்தெட்டு உள்ள டிக்கட் ஒன்று வாங்கினார்.
மழைக்கோட்டின் உள்பையில் வைத்தார்.
வானம் வெளித்துத்தான் கிடந்தது.

விற்காதவற்றை எண்ணி முகவருக்கு அனுப்பவேண்டும்.
பதினேழு.
இரண்டாம் தடவை எண்ணினேன். பதினெட்டு.