முப்பதாம் கவுண்ட் நூல்

ஹாம்பர்க்குக்கு வான்வழி
ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்.
திரையில் ஒரு கோடு வில்லாய் வளைந்து கிடக்கிறது.
அதுதான் நேர்கோடாம்.

எனக்குத் தெரிந்த தூரமெல்லாம் கிலோவில்தான்.
கிலோவுக்கு முந்நூற்றுப் பத்து ரூபாய்.
அட்டைப்பெட்டி உப்பியிருந்தால்
உப்பலுக்கும் சேர்த்து.
காற்றையும் எடை போட்டுத்தான் பறக்கவிடுகிறார்கள்.

கப்பல் என்றால் ஒரு மாதம், சில்லறைக் காசு.
அந்த ஒரு மாதத்தைச் சாயப்பட்டறையில் தின்றுவிட்டோம்.
இந்த நீலம் எங்கள் நீலம் இல்லை
என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள்.
நான்காவதாக நான் அனுப்பியது
பழைய முதல் நீலத்தையே.
அருமை, இதுதான் என்றார்கள்.

பொங்கியண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஏனுங்க அம்மிணி,
சட்டைக்குப் பதினஞ்சு ரூவா நிக்குது,
பறக்கறதுக்கு அறுவதுங்களா?"
குரலை உயர்த்தவில்லை.
உயர்த்தியிருந்தால் தேவலை.

ராத்திரி பதினொன்றரை.
பேக்கிங் மேசையில் ரஸ்மிதா
பல்லால் டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.
கை சும்மா இருக்க மாட்டாமல்
கால்குலேட்டரைத் தட்டினேன்:
முப்பதாம் கவுண்ட் நூல்
கிராமுக்கு ஐம்பது மீட்டர்.
சட்டை நூற்றைம்பது கிராம்.
ஒரு சட்டையைப் பிரித்து,
கம்பெனி கேட்டில் ஒரு முனையைக் கட்டி இழுத்தால்
திருமுருகன்பூண்டிக் கோயில் வரை போகும்.
ஆயிரம் சட்டையையும் பிரித்தால்

மறுபடி தட்டினேன்.
கழிவைக் கழித்தேன். திரும்பச் சேர்த்தேன்.

ஹாம்பர்க்.

ஒரு மீட்டர் கூடவுமில்லை, குறையவுமில்லை
என்று சொன்னால் பொய்.
ஆனாலும் துறைமுகத்தில் எங்கோ
ஒரு கம்பத்தைச் சுற்றி முடிச்சுப் போட
மிச்சம் இருக்கும்.

ரஸ்மிதாவிடம் சொன்னேன்.
எனக்குத் தெரிந்த இந்தியில், கையை விரித்து விரித்து.
ஒட்டி முடித்த பெட்டியின் மேல்
சட்டென்று உள்ளங்கையை வைத்தாள்.
"பிரிக்கணுமா அக்கா?"

மூன்றரைக்கு லாரி வந்தது.
கோவையில் இடமில்லை, சென்னையில்தான் ஏற்றுகிறார்கள்.
ஹாம்பர்க் வடமேற்கே இருக்கிறது.
லாரி ஊத்துக்குளி ரோட்டில் திரும்பிக் கிழக்கே போனது.
அதே நேரம் தலைக்கு மேல்
ஷார்ஜா விமானம் விளக்கைப் போட்டுக்கொண்டு
பீளமேட்டில் இறங்கத் தாழ்ந்தது.
தூக்கம் கலைந்த நாய் ஒன்று
இரண்டையும் பார்த்துக் குரைத்தது,
முதலில் லாரியை.

ஐந்தாம் நாள் மெயில்.
கிடைத்தது, நன்றி.
இங்கே குளிர் இன்னும் விடவில்லை.
கிடங்கில் வைத்திருக்கிறோம்,
வெயில் வந்ததும் கடைக்குப் போகும்.
ஆறு வாரம் ஆகலாம்.

ஆறு வாரம்.
கப்பல் போய்,
திரும்பியும் பாதி வழி வந்திருக்கும்.

அச்செடுத்து நாலாய் மடித்து
ஷேடு கார்டுகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
பொங்கியண்ணனிடம்
இன்னும் காட்டவில்லை.