அரவங்காட்டுச் சங்கு

ஆலைச் சங்கு ஊதினால்
கட்டிலுக்கு அடியில் போய்விடுவார்
ஏழாம் நம்பர், சந்தியாகு ரொட்ரிகோ.
காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து.
கஞ்சிக் கோப்பையோடு நானும் குனிந்து
அங்கேயே ஊட்டப் பழகிவிட்டேன்.
"தூத்துக்குடியில சங்கெடுக்க முங்குவோம் சிஸ்டர்.
இங்க சங்கு ஊதினா முங்குறேன்."

வெலிங்டன் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் வெயில் வேண்டும்.
போர்வை காய வேண்டும், இருமல் அடங்க வேண்டும்.
இவருக்கு மட்டும் மூடுபனி.
ஜன்னலுக்கு வெளியே சீகை மரம் மறைந்துபோன நாளில்
முகம் மழித்துக்கொள்வார், இரண்டு முட்டை கேட்பார்.
"இன்னைக்கு எவன் கண்ணுக்கும் அகப்படமாட்டோம்."
மழை விட்டு வானம் நீலமாய் நின்றால்
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

கான்வாயில் பதினொரு கப்பல்.
அரிசி, மண்ணெண்ணெய், பூட்ஸ்,
ஒன்றில் முழுக்கக் கோவேறு கழுதைகள்.
ஓட்டமாட்டாத ஒரு கிழட்டுக் கப்பலுக்காக
மற்ற பத்தும் மெதுவாய்ப் போக வேண்டும். அதுதான் சட்டம்.
விமானம் சூரியனுக்குள்ளிருந்து இறங்குமாம்.
ஆகவே சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.
இடது கண் அப்படிப் போனது.

கழுதைகள் நீந்தின என்றார்.
வெகுநேரம் நீந்தின.
அதற்குமேல் நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் தம்பி ஹாலன் வந்தான்
ஜெகதளாவிலிருந்து, பை நிறையப் பேரிக்காயோடு.
அரவங்காட்டில் கார்டைட் பெட்டி அடைக்கிறவன்.
ஒருநாள் லீவு எடுத்தாலும் போதும்,
திங்களன்று மருந்து நெடி மண்டையைப் பிளக்கும் அவனுக்கு.
பெட்டிக்குள் ஒரு சீட்டு வைப்பார்கள், அடைத்தவன் நம்பர் போட்டு.
வந்த வாக்கில் கேட்டுவிட்டான்:
"இருநூத்திப் பன்னிரண்டு... பாத்தீங்களாண்ணே?"

ரொட்ரிகோ பேரிக்காயின் காம்பைத் திருகிக்கொண்டிருந்தார்.
"பாத்த மாதிரி இருக்கு."
"நல்லா வெடிச்சுதா?"
"வெடிச்சுது தம்பி. எல்லாமே வெடிச்சுது."

பயல் வாயெல்லாம் பல்லாக இறங்கிப்போனான்.

விளக்கணைக்கும்போது சொன்னார்:
"மூணாம் நாளே மருந்து தீந்துபோச்சு சிஸ்டர்.
அப்புறம் பீரங்கி சும்மா அண்ணாந்து நின்னுச்சு, என்னை மாதிரி.
காலிப் பெட்டி நல்லா மிதக்கும்.
ராத்திரி பூரா ஒண்ணைக் கட்டிப் புடிச்சிருந்தேன்.
சீட்டைத் தேடிப் பாக்கத்தான் வெளிச்சமில்ல."

பத்து மணிச் சங்கு.
தம்பிக்கு ஷிப்ட் தொடங்குகிறது.
கட்டிலுக்கு அடியில் கொஞ்சம் நகர்ந்து
எனக்கும் இடம் விட்டார்.