சோதனை அஞ்சல்

ஆரல்வாய்மொழிக் காற்று ஜன்னலை அறைந்துகொண்டிருந்த
ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை
நான் ஒரு பொய் எழுதினேன்.
அது என் வேலை.
கணினி மையம், அறை எண் ஏழு,
உதவிப் பொறியாளர், ஒப்பந்தத்தில்.

'விடுதிக் கட்டணத்தில் ரூபாய் 2,350 திருப்பித் தரப்படும்.
இருபத்து நான்கு மணி நேரத்துக்குள்
கீழே உள்ள இணைப்பில் கடவுச்சொல்லை உள்ளிடவும்.'
பல்கலைக்கழக முத்திரையை ஒட்டினேன்.
முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றினேன்.
கவனித்தால் தெரியும்.
கவனிக்கிறார்களா என்பதுதான் சோதனை.

புதன் காலைக்குள்
அறுநூற்றுப் பதினொரு பேர் அழுத்தியிருந்தார்கள்.
பதிவாளர் இரண்டு முறை.
வரைபடம் போட்டேன், சிவப்பில்.
'பிரமாதம், பெர்க்மான்ஸ்' என்றார் இயக்குநர்,
எது என்று சொல்லாமல்.

வெள்ளிக்கிழமை
வாசலில் ஒரு பெண்.
ரெஸ்லின் சுனிதா, முதுகலை விலங்கியல், இரண்டாம் ஆண்டு,
ஊர் தூத்தூர்.
கையில் அந்த அஞ்சல்,
ஜெராக்ஸ் கடையில் ஐந்து ரூபாய் கொடுத்து
பிரிண்ட் எடுத்தது.
'சார், எனக்க பைசா இன்னும் வரல்ல.
இருபத்து நாலு மணிக்கூர்னு போட்டிருக்கு.
பரீட்சை ஃபீஸுக்கு இண்ணைக்குத்தான் கடைசி.'

விளக்கினேன்.
அனுப்பியவர் முகவரியைப் பார்க்கணும்,
அவசரப்படுத்தினால் சந்தேகப்படணும்,
கடவுச்சொல்லை யார் கேட்டாலும், நானே கேட்டாலும்…
முழுதும் கேட்டாள்.
அந்தத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.
பிறகு,
'அப்பம் அந்தப் பைசா இல்லியா?'

இல்லை.

'எங்க அப்பா சூண்டைக்காரரு சார்.
பசிக்காத மீனு கடிக்காது.'
கோபமில்லை.
பாடத்தில் வரும் ஒரு வரியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

கடன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான்
என்னிடம் வாங்கிக்கொண்டாள்.
என் மேசையிலேயே கட்டச் சொன்னேன்.
பணம் கட்டும் பக்கம் மூன்று முறை சுற்றிச் சுற்றி நின்றது.
நாலாவது முறை திறந்ததும்
மேலே இருந்த முகவரியில் விரலை வைத்து
எழுத்தெழுத்தாக வாசித்தாள், உதடு அசைய.
மணி நாலு ஐம்பது.
ஐந்துக்கு மூடிவிடும், சீக்கிரம் அழுத்து என்றேன்.
'நில்லுங்க சார்' என்றாள்,
திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

அடுத்த மாதம் வேறு பொய் எழுதினேன்:
துணைவேந்தரின் வெளிநாட்டுப் பயணப் படங்கள்,
காண இங்கே அழுத்தவும்.
பதினான்கு பேர்.
பதிவாளரும் உண்டு.
இயக்குநருக்குத் திருப்தியில்லை.
சிவப்பே காணோமே என்று
வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
'அந்த ஹாஸ்டல் பைசாவையே
இன்னொருக்கா போடும்வேய்.'