கூரனும்

அறுநூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில்
கூரன் செத்துப்போனது.
செம்பனை ஆலை, எடைமேடை அறை,
இரவு மணி இரண்டே கால்.
வெளியே மூன்று லோரிகள்.
முதலில் நிற்பவர் ஹாரன் அடிக்கிறார்.
நான் அதே வரியை நான்காம் முறை படிக்கிறேன்.

'வடக்கு வாசல் விழுந்தது; கூரனும்.'

அவ்வளவுதான்.
ஏழு பாகம். ஒன்பது வருடம்.
பகாவ் தபால் நிலையத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிய ஏழு பார்சல்.
கடைசிப் பார்சலுக்கு அஞ்சல் செலவே நாற்பத்திரண்டு வெள்ளி.
முட்டை ஓட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு
ஆறு காலும் ஆறு பக்கம் இழுக்க
முதல் பாகத்துக்குள் தடுமாறி வந்த குட்டி.
மூன்றாவதில் உப்புப் பாலை முழுக்க
அவளை முதுகில் சுமந்தது.
ஐந்தாவதில் ஒரு கண் போனது
(அப்போதே எனக்குச் சந்தேகம்).
அதற்கு ஒரு முழு வாக்கியம் கிடையாது.
ஒரு 'உம்'.

முடிசூட்டு விழாவுக்கு நாற்பது பக்கம்.
விருந்தில் எத்தனை வகை மீன்,
எந்த மீனுக்கு என்ன புளி,
எல்லாம் எழுத நேரம் இருந்திருக்கிறது அந்த மனுசனுக்கு.
அவள்கூட ஒருமுறை திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னாம்மா, வீட்ல ஏதும் கெட்ட சேதியா?"
ஜன்னலில் நாகமுத்து அண்ணன்,
கையில் குலைச்சீட்டு.
துடைக்கத் துண்டு தேடினேன்,
கிடைத்தது கார்பன் தாள்.
"கூரன் செத்துருச்சுண்ணே."
"நாயா?"

செதில். மழை பட்டால் நீலமாகும் முதுகு.
பொய் சொன்னால் தும்மும் மூக்கு.

"ஆமாண்ணே."

அவர் போய் லோரி எஞ்சினை அணைத்தார்.
பின்னால் ஹாரன். கையைக் காட்டினார், நின்றது.
தொப்பியைக் கழற்றிச் சீட்டின் மேல் வைத்துவிட்டு
எடைமேடையைப் பார்த்துச் சொன்னார்:
"போன தீபாவளிக்கு வெடிச் சத்தத்துல மிரண்டு ஓடுனது.
எங்க கறுப்பியும்..."
முடிக்கவில்லை.
நான் அவர் சீட்டில் தேதியைத் தப்பாக எழுதினேன்.

லோரிகள் போன பிறகு
மேடை நடுவில் புத்தகத்தை வைத்துவிட்டு ஓடி வந்து பார்த்தேன்.
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் கண்டுகொள்ளாத திரை.
சுழியம்.

விடியுமுன் செய்தி எனக்கு முந்திப் போயிருந்தது.
கோப்பிக்கடையில் பசியாறப் போனால்
மக்சிக் ரொக்கையா 'காசியான்' என்று கன்னத்தைத் தொட்டார்,
நாசி லெமாக்குக்குக் காசு வாங்கவில்லை.
கொதிகலன் ஷஃபிக்குல் எங்கே புதைத்தேன் என்று கேட்டான்.
பழைய கித்தா மரங்கள் இருந்த பக்கம் கையைக் காட்டிவிட்டேன்.
சூப்பர்வைசர் புஷ்பநாதன்
நாய்க்கெல்லாம் லீவு கிடையாது என்றார்,
பிறகு, நாளைக்கு ஒரு மணி நேரம் லேட்டா வாம்மா என்றார்.
வீட்டில் தம்பி மட்டும்
பல் துலக்கிக்கொண்டே கேட்டான்,
"நமக்கு ஏது நாய்?"

தூக்கம் வரவில்லை.
ஜொகூரில் சிப் தொழிற்சாலையில் இருக்கும் இளவேனியைக் கூப்பிட்டேன்.
இந்தக் கதைக்குள் நான்தான் அவளை இழுத்துவிட்டேன்.
"அக்கா, எதுவும் சொல்லிராதீங்க,
நான் இப்பதான் நாலாம் பாகம்.
ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"
"சளி."
"கேளுங்க, இந்த எடம் செமயா இருக்கு."
ஹாஸ்டல் மின்விசிறி இரையும் சத்தத்துக்கு நடுவே
படிக்க ஆரம்பித்தாள்.
அங்கே இன்னும் மழைக்காலம். கணவாயில் பனி.
இரண்டு கண்ணும் இருக்கிறது.
கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு
தும்மலுக்குக் காத்திருந்தேன், வந்தது,
அவள் சிரித்தாள்.

"கெளம்பிட்டாங்க அக்கா" என்றாள்.
"அவளும். கூரனும்."