பாதி விலைக்குக் கிடைத்த தீவு

ஏப்ரலையும் மே மாதத்தையும் சீனியர்கள் எடுத்துக்கொண்டார்கள்.
எனக்கு மிஞ்சியது நவம்பரில் ஆறு நாள்.
"கமிகினுக்கா? இப்போதா?"
படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவனே சிரித்தான்.

செபு நகரத்தில் எனக்கு இரவு வேலை.
எங்கோ இருப்பவர்களின் கிரெடிட் கார்டுகளுக்காக
விடியும்வரை தொலைபேசியில் மன்னிப்புக் கேட்பேன்.
மழையிடம் கேட்க வேண்டியதில்லை.
அதுவே பாதி விடுமுறை.

விடுதிக்கார ப்ரிமிதிவா
இரண்டு அறைகளைத் திறந்து காட்டினாள்.
ஒழுகாத அறையில் சுவர்தான் தெரியும்,
ஒழுகும் அறையில் கடல்.
கடலை எடுத்துக்கொண்டோம்.
கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளி:
முதல் நாள் இரவு ணங், ணங்,
நள்ளிரவில் டொப்,
விடியும்போது களுக்.
கடிகாரம் பார்க்கவே தேவைப்படவில்லை.

ருஸ்டிகோவுக்குத்தான் தாங்கவில்லை.
மூன்று மாதம் சேமித்து வாங்கிய
முக்குளிக்கும் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு
கரையில் கவிழ்த்துப் போட்ட படகுகளை
கடன்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.
எல்பிடியோ, படகுக்காரர், தினமும் வருவார்,
வானத்தை ஒருமுறை பார்ப்பார்,
காப்பியைக் குடிப்பார், போய்விடுவார்.

மூன்றாம் நாள் ப்ரிமிதிவா அதட்டினாள்:
"மழையில் எங்கே போவதென்றா கேட்கிறீர்கள்?
மழை போகிற இடத்துக்குப் போங்கள்.
வேனிலில் வருகிறவர்களுக்கு அந்த அருவி ஒரு நூல்.
உங்களுக்குத் தூண்."

வாடகை ஸ்கூட்டர்.
ஊசி ஊசியாய்க் கண்ணில் இறங்கியது மழை.
வளைவொன்றில் நிறுத்தி, ஒன்றும் பேசாமல்,
அந்தக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான் ருஸ்டிகோ.
பள்ளி விட்டு வந்த பிள்ளைகள்
வாழையிலையைத் தலையில் பிடித்தபடி
சாலையோரம் வரிசையாக நின்று
"மீன்! மீன்!" என்று கத்தினார்கள்.
அவனும் கன்னத்தை உப்பி வாயைத் திறந்து மூடினான்.
பின்னால் உட்கார்ந்து சிரித்ததில்
ஒரு மடக்கு மழையைக் குடித்துவிட்டேன்.

தூண் இல்லை அது.
மலை தன் சட்டையைக் கழற்றி எறிந்ததுபோல் இருந்தது.
பேச முடியாத இரைச்சல்.
நான்கு வருடமாக எங்களுக்குள் கிடந்த ஒரு பேச்சை,
குழந்தையைப் பற்றியதை,
அங்கே நின்று கத்திச் சொன்னேன்.
அவனுக்குக் கேட்டிருக்காது.
தலையை ஆட்டினான்.

மாலையில் எரிமலைக்குக் கீழே வெந்நீர்க் குளம்.
கழுத்துக்குக் கீழே சுடுகஞ்சி,
கழுத்துக்கு மேலே ஐஸ்.
பருவம் முடிந்தும் மிஞ்சிய லான்சோனெஸ் பழத்தை
பிசின் ஒட்டிய விரலால் உரித்துக்கொண்டு
எங்களோடு ஊறினார் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்.
பெயர் சொன்னார், தண்ணீர்ச் சத்தத்தில் தவறிவிட்டது.
ஊர்க்காரர்கள் குளிக்க வருவது இந்த மாதத்தில்தானாம்.
"வெயில்காலத்தில் இங்கே
தோலைச் சுட்டுக்கொள்பவர்கள் கூட்டம்" என்றார்.

அன்றிரவு மின்சாரம் போயிற்று. அடுத்த இரவும்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் சீட்டு:
ப்ரிமிதிவா ஏமாற்றினாள், அப்பட்டமாக.
எண்பது பெசோ தோற்றோம்.
கருவாட்டோடு சூடான சோறு போட்டாள்.
கணக்கு நேராகிவிட்டது.

கிளம்பும் நாளன்று, வேண்டுமென்றே போல, வெயில்.
"ஒரு மணி நேரம்" என்றார் எல்பிடியோ.
நடுக்கடல் மணல்திட்டில் நாங்கள் மூவர்தான்.
மணலெங்கும் மழை குத்திய பள்ளங்கள்,
ஒரு காலடிகூட இல்லை.
ருஸ்டிகோ முங்கினான். எழுந்தான்.
"கலங்கல். ஒன்றும் தெரியவில்லை."
பிறகு இன்னொருமுறை முங்கினான்.

துவைத்தும் போகவில்லை துண்டிலிருந்து கந்தக வாசம்.
திங்கள் இரவு, கார்டு தொலைத்த ஒரு கிழவர்
லைனில் காத்திருந்தபோது கேட்டார்,
அங்கே வானிலை எப்படி என்று.
'நன்றாக இருக்கிறது' என்று சொல்லச் சொல்லி
எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.
மழை பெய்கிறது என்றேன்.
கேட்கட்டும் என்று
சன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்தேன்.