வெற்று எடை

மணலி விரைவுச் சாலை எடைமேடையில்
இரவுப் பணி எனக்கு.
லாரி ஏறும். நிற்கும்.
சிவப்பு எண் துடித்து அடங்கும்.
சீட்டு கிழிப்பேன். அடுத்தது.
நடுவில் கிடைக்கும் ஏழெட்டு நிமிடங்களில்
செல்போனை ரசீதுக் கட்டின்மேல் சாய்த்து
படம் பார்க்கிறேன்.
ஒரே படம் நான்கு இரவு ஓடுவதும் உண்டு.
என் கருத்தை
வீணாய்ப்போன சீட்டுகளின் முதுகில் எழுதிவைக்கிறேன்.

முதல் சீட்டு.
நூறு வருஷத்துக்கு முந்தையது, பதினோரு நிமிடம்.
தீப்பிடித்த வீட்டுக்கு ஏணியோடு ஓடுகிறான் ஒருவன்.
தெருவில் எல்லோரையும் இடித்துத் தள்ளி
போய்ச் சேரும்போது வீடு இல்லை.
ஏணியைச் சாம்பல்மேல் நிமிர்த்தி
ஏறிப் பார்க்கிறான்.
ஊமைப்படம் என்கிறார்கள். ஊமை எங்கே?
அத்தனை பேரும் வாயை மூடாமல் பேசுகிறார்கள்.
காதுதான் நமக்குத் தரப்படவில்லை.
டிரெய்லர் உறுமும்போது
ஜன்னலுக்கு வெளியே ஓட்டுநர்களும் எனக்கு அப்படித்தான்.

இரண்டாவது.
படச்சுருளைப் பூஞ்சை தின்றிருக்கிறது.
நாயகி சிரிக்கத் தொடங்குகையில்
கன்னத்திலிருந்து வெள்ளையாய் ஏதோ கொதித்து
முகத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.
எர்ணாவூரில் எங்கள் இரும்புக் கதவை
உப்புக்காற்று இப்படித்தான்
கீழிருந்து மேலாகத் தின்கிறது.
கதை சுமார். பூஞ்சையின் நடிப்பு பிரமாதம்.

இப்போது வரும் பிரெஞ்சுப் படங்கள் வேறு ரகம்.
படுக்கையில், காரில், சாவு வீட்டில்கூட
கையில் ஒயினோடு நின்று பேசுகிறார்கள்.
அடியில் ஓடும் ஆங்கிலத்தை நான்
நிறுத்தி நிறுத்தி எழுத்துக்கூட்டுவதற்குள்
காதல் முறிந்துவிடுகிறது.
மூன்றாவது சீட்டில் இருப்பது:
“அவ்வளவு பெரிய வீட்டில் ரெண்டே பேர்.
சண்டை போடத் தனி அறைக்குப் போகிறார்கள்.
எங்கள் சண்டைக்கு ஆறு சாட்சி,
பக்கத்து வீட்டு டிவி நீதிபதி.”
பிறகு அடித்துவிட்டேன். அது படத்தின் குற்றமில்லை.

நான்காவதுதான் விஷயம்.
அடுக்குமாடி வீடு. ஒருத்தி
ஆண்பிள்ளைக் கோட்டு ஒன்றுக்குப் பொத்தான் தைக்கிறாள்.
ஐந்து நிமிடம், வெட்டே இல்லாமல்.
அழைப்பு மணி அடிக்கிறது.
நூலைப் பல்லால் கடிக்கிறாள். எழவில்லை.
மறுபடி மணி.
படம் முடிந்துவிட்டது.

சீட்டுக்கு நின்ற பாலய்யா
ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார் போல.
“இன்னாக்கா, பாதில புட்டுக்குச்சு?”
முடிஞ்சிருச்சு என்றேன்.
“இத்த எடுத்தவன் மட்டும் கையில கெடச்சான்…”
நிலக்கரித் தூசியைத் துப்பிவிட்டு வண்டியை எடுத்தார்.

நானும் அதையே எழுதினேன், கொஞ்சம் மரியாதையாக:
“துணிச்சல் இல்லை. முடிக்கத் தெரியாததைக்
கலை என்று விட்டுவிட்டார்கள்.”

எட்டு நாள் கழித்து, விடிகாலை மூன்றே முக்கால்,
அம்மோனியா வாடை கண்ணைக் கரிக்கும் நேரம்,
காலி வண்டியோடு வந்தார்.
சீட்டை வாங்கிக்கொண்டும் நகரவில்லை.
“அக்கா, அந்தப் பொம்பள
கதவத் தொறந்துச்சா இல்லியா?”
காமிக்கலியே.
“ஓங்கோல் தாண்டி ரோடு பூரா இதே ரோசனை.
தொறந்திருக்காது. அவங்கையில சாவி கீது.
அதான் ரெண்டு தபா அடிச்சிட்டு கம்முனு ஆயிட்டான்.”

யார் அவன்?
படத்தில் அப்படி ஒருவன் இல்லவே இல்லை,
ஒரு கோட்டைத் தவிர.

அவர் வண்டியின் வெற்று எடை எனக்கு மனப்பாடம்.
அன்று அறுபது கிலோ கூடுதலாய் நின்றது.
க்ளீனர் உள்ளே தூங்குகிறான், அவ்வளவுதான்.
எழுப்பச் சொல்லவில்லை.

அவர் போனதும் நான்காவது சீட்டைத் தேடி எடுத்து
‘துணிச்சல் இல்லை’யை அடித்தேன்.
மாற்றி என்ன எழுதுவது?
அதற்குள் பின்னால் ஹாரன், சிமெண்ட் லாரி.
ஏறியது. நின்றது.
அவசரத்தில் எதை நீட்டினேனோ,
அந்த ஆள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறார்:
“இன்னாம்மா இது,
எத்தினி டன்னுன்னு கேட்டா
பொத்தான்னு போட்டுக்குற?”