நடுக்கோடு

மார்ச்சில் மலை எரிந்தபோது
கோரேகாவ் அடுக்குமாடி பால்கனிகளில்
செல்போன்கள் மினுங்கின.
சரிவில் நாங்கள்
கொடியில் காய்ந்த துணிகளை அவசரமாக உருவினோம்.

ஜூனில் முதல் மழை.
மண் குடிக்கவில்லை.
சேம்பிலைமேல் விழுந்ததுபோல்
உருண்டு உருண்டு இறங்கியது.
பிடித்து நிறுத்த ஒரு புல்வேர்கூட இல்லை.

முதலில் கருப்புத் தண்ணீர்.
"டிக்காஷன் வருது பாரு" என்று சிரித்தாள் கிறிஸ்டோபெல்,
வாசலில் துடைப்பத்தோடு.
பிறகு கல்.
பிறகு பாதி வெந்த மரங்கள்.
பிறகு மேல்வரிசை வீடுகளே
கீழ்வரிசைக்குக் குடிவந்தன.

மூன்றாம் நாள் துடைப்பம் கிடைத்தது.

வார்டு ஆபீஸ் படிவத்தில்
தீ ஒரு கட்டம், வெள்ளம் ஒரு கட்டம்.
ஏதாவது ஒன்றில்தான் டிக் போடணுமாம்.
இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டின்மேல் போட்டேன்.
செல்லாதென்று திருப்பித் தந்தார் கிளார்க்.
புதுப் படிவம்
பத்து ரூபாய்.